வீடு நிறைய விருந்தாளிகள், காலை உணவுக்கு ஒரு கேசரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றியறிதல் பண்டிகை. அன்று ஓவன் முழுக்க வான்கோழிக்குச் சொந்தம். மிச்சிகனில் உள்ள எங்கள் வீட்டில் உண்மையான நெருக்கடி மறுநாள் காலையில்தான். கூடம், மாடி, அடித்தளம் என்று எங்கெங்கோ படுத்துறங்கிய இருபது பேர் ஒரே நேரத்தில் பசியோடு எழுந்து வருவார்கள். பல வருடங்கள் தோசைதான் ஊற்றினேன். தலைக்கு மூன்று என்றால் அறுபது தோசை. கடைசித் தோசை என் தட்டுக்கு வரும்போது, முதல் தோசை சாப்பிட்டவருக்கு மறுபடியும் பசித்திருக்கும். பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாள் இந்தப் பரிதாபத்தைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் காலையில் அவர் வீட்டில் செய்யும் முட்டை, பிரெட் கேசரோலைக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து நானும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கேசரோல் என்பது சப்பாத்தியைச் சூடாக வைக்கும் டப்பா அல்லவா?

நம் ஊரில் ஆமாம். கல்யாணத்துக்கு நான்கு பேர் அதையே பரிசாகக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயர், ஓவனில் வைக்கும் அகலமான பாத்திரத்துக்கும் அதில் வேகும் பண்டத்துக்கும் சேர்த்தே வழங்குகிறது. மூலம் பிரெஞ்சு மொழி. அங்கே கைப்பிடி வைத்த சமையல் பாத்திரத்தைக் குறிக்கும். மினசோட்டாக்காரர்கள் இதே வகைப் பண்டத்தை ‘ஹாட்டிஷ்’ என்பார்கள்.

அமெரிக்க வீடுகளில் கேசரோல் இவ்வளவு பரவியதில் டப்பா சூப்புக்கும் பங்கு உண்டு. 1955-இல் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரைலி உருவாக்கிய பீன்ஸ் கேசரோல் இன்றைக்கும் தேங்க்ஸ்கிவிங் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது. காலை உணவுக் கேசரோலிலும் சிலர் காளான் சூப் டப்பாவைக் கவிழ்ப்பார்கள். நான் கவிழ்ப்பதில்லை. நான் சொல்லப்போவது பிரெட், சீஸ், முட்டை, பால் சேர்ந்த வகை. அடுக்கடுக்காக இருப்பதால் இதற்கு ‘ஸ்ட்ராட்டா’ என்றும் பெயர்.

ஒரு பாத்திரத்துக்கு அளவு என்ன? எத்தனை பேர் சாப்பிடலாம்?

9-க்கு 13 அங்குலம், 2 அங்குல ஆழம் உள்ள பாத்திரம். அமெரிக்க வீடுகளில் இது இல்லாத அலமாரி கிடையாது. அதற்கு 400 கிராம் பிரெட், பெரிய முட்டை 10, முழுக் கொழுப்புப் பால் 3 கப் (720 மில்லி), துருவிய செடார் சீஸ் 225 கிராம், சாஸேஜ் (மசாலா சேர்த்து அரைத்த இறைச்சி) 450 கிராம், பெரிய வெங்காயம் 1, குடைமிளகாய் 1, காளான் 225 கிராம், உப்பு 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், கடுகுத்தூள் 1 டீஸ்பூன். கடுகுத்தூளை விட்டுவிடாதீர்கள். கடுகு வாசனை தனியாகத் தெரியாது; ஆனால் சீஸின் சுவை தூக்கலாக இருக்கும்.

பழமும் வேறு ஏதாவது பலகாரமும் உடன் இருந்தால் பன்னிரண்டு பேருக்குப் போதும். இது மட்டும்தான் என்றால் எட்டுப் பேர். கல்லூரியில் படிக்கும் பையன்கள் வந்திருந்தால் ஆறு.

காய்கறியையும் இறைச்சியையும் உங்கள் விருப்பம்போல் மாற்றலாம். முட்டைக்கும் பாலுக்கும் உள்ள விகிதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். முட்டை ஒன்றுக்குப் பால் கால் கப்புக்குச் சற்று அதிகம் என்பது கணக்கு. பால் கூடினால் கொழகொழவென்று ஆகும். குறைந்தால் ரப்பர் ஆம்லெட்டில் பிரெட்டைப் புதைத்தது போல இருக்கும்.

எந்த பிரெட் நல்லது?

சாண்ட்விச்சுக்கான மெத்தென்ற வெள்ளை பிரெட்டைத் தவிர எதுவும். அது பாலில் ஊறியதும் கூழாகிவிடும். புளிப்பு மாவில் செய்த சவர்டோ, நீளமான பிரெஞ்சு பிரெட், யூதர்களின் ஹாலா ஆகிய மூன்றும் நன்றாக வரும். ஹாலாவில் ஏற்கெனவே முட்டை இருப்பதால் சுவை செறிவாக இருக்கும்.

பழைய பிரெட்தான் வேண்டும் என்று எல்லாச் செய்முறையிலும் எழுதியிருப்பார்கள். உண்மையில் வேண்டியது உலர்ந்த பிரெட். பையில் கட்டி வைத்து நான்கு நாள் பழையதாக்கிய பிரெட் விறைப்பாக இருக்கும். ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கும். அதில் பால் ஏறுவதற்கு இடம் ஏது? ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம் வைத்து எடுங்கள். விரலால் அழுத்தினால் மேல்புறம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். நிறம் மாறத் தேவையில்லை.

முதல்நாள் இரவே ஊறவைக்கத்தான் வேண்டுமா? காலையில் செய்தால் வராதா?

வரும். குறைந்தது ஒரு மணி நேரம் ஊறினால் சாப்பிடும்படி இருக்கும். ஆனால் காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நிற்பதென்றால் தோசையே ஊற்றிவிடலாமே. இந்தப் பண்டத்தின் பெருமையே முதல்நாள் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்துவிடுவதுதான்.

பாத்திரத்தில் வெண்ணெய் தடவுங்கள். பாதி பிரெட், அதன் மேல் வதக்கி ஆறவைத்த சாஸேஜும் காய்கறியும் பாதி, சீஸில் மூன்றில் ஒரு பங்கு. மறுபடியும் அதே வரிசை. மிச்ச சீஸ் கடைசியில் மேலே. முட்டையையும் பாலையும் உப்பு, மிளகு, கடுகுத்தூளோடு வெள்ளைக்கரு இழையாகத் தெரியாமல் போகும் வரை அடித்து, ஓரத்திலிருந்து தொடங்கி மெதுவாக ஊற்றுங்கள். பாதி ஊற்றியதும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், பிரெட் பாலை உறிஞ்சும் மெல்லிய சத்தம் வரும். மிச்சத்தையும் ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து, உள்ளங்கையால் மொத்தத்தையும் கீழே அழுத்துங்கள். மேலே மிதக்கும் துண்டுகள் முங்கி, தாளுக்கடியில் குமிழிகள் ஓடும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை அழுத்திவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை சரியான பதம். ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள்.

வதக்கிய சாஸேஜைச் சுடச்சுடப் போட்டு அதன் மேல் பச்சை முட்டையை ஊற்றாதீர்கள். ஆறட்டும். ஃப்ரிட்ஜும் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். விருந்து நாளில் அடைத்து வைத்த ஃப்ரிட்ஜ் அந்தக் குளிரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. என்ன தவறு?

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். நானும் பட்டிருக்கிறேன். முதன்முதலில் தனியாகச் செய்தபோது வதக்காத காளான், வதக்காத தக்காளி, கழுவிய ஈரத்தோடு கீரை எல்லாவற்றையும் அப்படியே அடுக்கினேன். மேலே பொன்னிறமாக, படம் எடுத்து மாட்டலாம் போல இருந்தது. முதல் துண்டை எடுத்ததும் அந்தக் குழியில் சாம்பல் நிறத் தண்ணீர் வந்து நின்றது. இரண்டாவது துண்டை எடுத்தபோது மேசை விரிப்பு நனைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. முதல் வழி காய்கறி. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை அகலமான வாணலியில், கூட்டமில்லாமல் பரப்பி, உப்புப் போட்டு வதக்க வேண்டும். முதலில் தண்ணீர் விடும். பலர் அந்த இடத்திலேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் முழுதும் வற்றி, காளான் சுருங்கி, வாணலியில் ஒட்டி, ஓரம் சிவக்கும் வரை விடுங்கள். குடைமிளகாயும் வெங்காயமும் அப்படியே. உறைந்த பசலைக்கீரை என்றால் உருகவிட்டு, துணியில் கட்டி, பன்னீருக்குத் திரிந்த பாலைப் பிழிவது போல முறுக்கிப் பிழியுங்கள். ஒரு பாக்கெட்டிலிருந்து அரை டம்ளருக்கு மேல் பச்சை நிறத் தண்ணீர் இறங்கும். தக்காளி வேண்டுமென்றால் விதைப் பகுதியை வழித்தெறிந்துவிட்டு சதையை மட்டும் போடுங்கள். சாஸேஜையும் முழுக்க வேகவைத்து, கொழுப்பை வடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது: அதிகம் வேகவைத்தாலும் தண்ணீர் வரும். முட்டையின் புரதம் சூட்டில் வலை போலப் பின்னிக்கொண்டு பாலை உள்ளே பிடித்து வைக்கிறது. சூடு மேலும் ஏறினால் வலை இறுகி, பிடித்து வைத்த நீரைத் தானே பிழிந்து வெளியே தள்ளிவிடும். வதக்காத காய்கறியே போடாதவர் வீட்டிலும் தண்ணீர் தேங்கினால் காரணம் இது. தண்ணீரைப் பார்த்ததும் ‘இன்னும் வேகவில்லை’ என்று மறுபடியும் ஓவனில் தள்ளுவார்கள். மேலும் தண்ணீர் வரும்.

எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

350 டிகிரி ஃபாரன்ஹீட். காற்றுச் சுழலும் ஓவன் என்றால் 325. ஃபாயிலின் உட்புறம் எண்ணெய் தடவி மூடி 30 நிமிடம். பிறகு திறந்து 20 முதல் 25 நிமிடம். இவ்வளவு சொன்னாலும் கடிகாரத்தை நம்பாதீர்கள். நடுவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். முட்டை சேர்ந்த பண்டம் 160 டிகிரி தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. நான் 165-இல் வெளியே எடுக்கிறேன். வெளியே எடுத்த பிறகும் உள்சூடு கொஞ்சம் ஏறும்.

தெர்மாமீட்டர் பதினைந்து டாலருக்குள் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். அது வரும்வரை, பாத்திரத்தின் ஓரத்தை மெல்லத் தட்டுங்கள். நடுப்பகுதி கெட்டித் தயிர் போல அசையலாம். மோர் போல அலையடிக்கக் கூடாது.

ஓவனிலிருந்து வரும்போது பூரி போல உப்பியிருக்கும். ஐந்தே நிமிடத்தில் அமுங்கிவிடும். அது உள்ளிருந்த ஆவி போவதுதான்; நீங்கள் ஒன்றும் கெடுக்கவில்லை. பதினைந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். அதற்கு முன் வெட்டினால் துண்டாக வராது, அள்ளித்தான் வைக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் நேராக ஓவனில் வைக்கலாமா?

உலோகப் பாத்திரம் என்றால் வைக்கலாம். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். கண்ணாடிப் பாத்திரம் என்றால் வேண்டாம். சில்லென்ற கண்ணாடி சட்டென்று சூட்டில் பட்டால் விரிசல் விடும், சில சமயம் சிதறும். அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். அதற்குள் ஓவனும் சூடாகிவிடும்.

நாற்பது பேர் வருகிறார்கள். பெரிய ட்ரேயில் இரண்டு மடங்கு போட்டுவிடலாமா?

அகலத்தைக் கூட்டலாம், ஆழத்தைக் கூட்டாதீர்கள். ஆழமான ட்ரேயில் நான்கு அங்குலம் நிரப்பினால் நடுப்பகுதி வேகும் முன் ஓரம் செருப்பாகிவிடும். 9-க்கு 13 பாத்திரங்கள் நான்கு செய்யுங்கள். சாதாரண வீட்டு ஓவனின் ஒரு தட்டில் இரண்டு பாத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். இரண்டு தட்டுகளையும் பயன்படுத்தினால் பாதி நேரத்தில் மேலே உள்ளதைக் கீழேயும் கீழே உள்ளதை மேலேயும் மாற்றுங்கள். மொத்தத்தில் பதினைந்து இருபது நிமிடம் கூடும்.

தூக்கி எறியும் அலுமினிய ட்ரே பாத்திரம் கழுவும் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் நிறைந்த ட்ரேயைக் கையால் தூக்கினால் நடுவில் மடங்கும். எப்போதும் கெட்டியான பேக்கிங் தட்டின் மேல் வைத்தே நகர்த்துங்கள்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு?

முட்டையில்லாத ஸ்ட்ராட்டாவைக் கடலை மாவு, டோஃபு, சோள மாவு என்று எல்லாவற்றிலும் முயன்று பார்த்துவிட்டேன். எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. போலியைச் செய்து கொடுப்பதைவிட அசலான வேறொன்றைக் கொடுப்பதே மரியாதை. நான் அவர்களுக்கு உருளைக்கிழங்கு அடுக்குச் செய்கிறேன். 1.3 கிலோ உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவி, பாலும் கிரீமும் கலந்து 3 கப் ஊற்றி, உப்பு, மிளகு, இரண்டு பச்சை மிளகாய், நெய்யில் பொரித்த கறிவேப்பிலை சேர்த்து, 375 டிகிரியில் மூடி 45 நிமிடம், மேலே சீஸ் தூவித் திறந்து 25 நிமிடம். கத்தி தடையின்றி இறங்க வேண்டும். இதை முதல்நாளே வேகவைத்துவிட்டுக் காலையில் சூடாக்கினாலும் கெடாது. முட்டை சாப்பிடுகிறவர்களும் இதைத்தான் முதலில் காலி செய்வார்கள் என்பதால் இரண்டு பாத்திரம் செய்யுங்கள். தனிக் கரண்டி போடுங்கள். மேசையின் மறுமுனையில் வையுங்கள்.

சைவம் என்றதும் சீஸையும் கவனிக்க வேண்டும். சில சீஸ்கள் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் திரிக்கப்படுகின்றன. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கண்டிப்பாக அந்த வகை. உறையின் மேல் ‘சைவ ரென்னட்’ அல்லது ‘நுண்ணுயிர் ரென்னட்’ என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

சாஸேஜ் எந்த இறைச்சி?

அமெரிக்கக் கடைகளில் ‘காலை உணவு சாஸேஜ்’ என்று விற்பது பெரும்பாலும் பன்றி. வான்கோழியிலும் கோழியிலும் கிடைக்கிறது. கொழுப்புக் குறைவு என்பதால் வதக்கும்போது ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எதைப் போட்டாலும் ஒரு சீட்டில் எழுதி ட்ரேயின் முன்னால் வையுங்கள். விருந்தாளி வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்.

நம் மசாலா சேர்க்கலாமா?

பச்சை மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் மஞ்சள், வதக்கும்போது இஞ்சி: தாராளமாக. கரம் மசாலாவைப் போட்டுப் பார்த்தேன். சீஸும் அதுவும் சண்டை போட்டுக்கொண்டன. மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையா?” என்றார். அன்றிலிருந்து பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாளும் இப்போது வைக்கிறார்.

பிரெட்டுக்குப் பதில் உருளைக்கிழங்கு போடலாமா?

போடலாம். துருவி உறையவைத்த ஹாஷ் பிரவுன் பாக்கெட் 850 கிராம், முட்டை 12, பால் 1 கப் மட்டும். உருளைக்கிழங்கு பிரெட் மாதிரி உறிஞ்சாது என்பதால்தான் பால் இவ்வளவு குறைவு. உருகவிட்டுப் பிழிந்து போடுங்கள். வீட்டில் துருவிய பச்சை உருளைக்கிழங்கை இரவு முழுவதும் வைத்தால் கறுத்துவிடும்.

துருவிய சீஸ் பாக்கெட் வாங்கலாமா?

இருபது பேருக்குச் சமைக்கும் நாளில் வாங்குங்கள். ஒட்டாமல் இருக்க மாவுச்சத்துத் தூவியிருப்பார்கள். கொஞ்சம் சுமாராக உருகும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மிஞ்சினால்?

மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் இருக்கும். சூடாக்கும்போது 165 டிகிரி வரை போக வேண்டும். துண்டுகளாக்கி, தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். பிந்தி எழுபவர்களுக்காக ஓவனிலேயே மணிக்கணக்கில் சூடாக வைத்திருந்தால் முட்டை பச்சை கலந்த சாம்பல் நிறமாகலாம். மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக் கருவின் கந்தகமும் சேர்வதால் வரும் நிறம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, கண்ணுக்குத்தான். பிந்தி எழுபவர்கள் மைக்ரோவேவில் சூடாக்கிக்கொள்ளட்டும்.

சென்னையில் சின்ன ஓவன்தான் இருக்கிறது. அதில் செய்ய முடியுமா?

முடியும். 8 அங்குலச் சதுரப் பாத்திரத்தில் மேலே சொன்ன அளவில் சரிபாதி. நம் ஊர் முட்டை சற்றுச் சிறியது என்பதால் ஐந்துக்குப் பதில் ஆறு போடுங்கள். 175 டிகிரி செல்சியஸ், மூடி 25 நிமிடம், திறந்து 15 முதல் 20 நிமிடம். மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் சீஸ் சீக்கிரம் கருகும். கீழ்த் தட்டில் வையுங்கள்.

ஓரத் துண்டு யாருக்கு?

நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று என்று வெட்டினால் பன்னிரண்டு துண்டு. இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சீஸ் பிடித்த மூலைத் துண்டு அதில் நான்குதான். குழந்தைகள் இதற்காக ஆறு மணிக்கே எழுந்து வருகிறார்கள். எங்கள் வீட்டு வழக்கம்: மூன்று மூலைகளுக்குச் சீட்டுக் குலுக்கல், நான்காவது, முதல்நாள் இரவு காளான் வதக்கியவருக்கு.